கார் இருக்கையில் தண்ணீர்க் கறை: கழுவக் கழுவ ஏன் பெரிதாகிறது?

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. அவர்களுடையது வாகன்ஆர் கார். மழை நாளொன்றில் இடப்பக்கக் கண்ணாடியை நாலு விரல் அளவு திறந்தபடியே விட்டுவிட்டார்கள். சாம்பல் நிறத் துணி இருக்கை நனைந்து, காய்ந்த பிறகு மண்ணிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீர் அள்ளிச் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தார்கள். வளையம் போகவில்லை, அதற்கு வெளியே இன்னும் பெரிய வளையம் ஒன்று வந்தது. டாஷ்போர்டிலும் கதவின் உட்புறப் பிளாஸ்டிக்கிலும் வெள்ளைப் புள்ளிகள். போதாததற்கு இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்பெட் எப்போதும் ஈரலிப்பாக இருக்கிறது, மணமும் அடிக்கிறது. குஷனை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

மாற்ற வேண்டியதில்லை, தம்பி. ஆனால் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சொன்னதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன: துணியில் வளையம், பிளாஸ்டிக்கில் வெள்ளை, கார்பெட்டில் ஈரம். முதல் இரண்டிலும் உங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாவதற்கும் கண்ணாடி திறந்து கிடந்ததற்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வேலையைத் தொடங்கும்போது அதைத்தான் முதலில் பாருங்கள். உள்ளே தண்ணீர் வந்துகொண்டிருக்கும் காரில் கறை எடுப்பது வீண் வேலை.

துணியில் விழுந்த தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. ஓரத்தில்தான் முதலில் ஆவியாகிறது. அந்த இடத்தை நிரப்ப நடுவில் இருக்கும் நீர் ஓரத்தை நோக்கி ஊர்கிறது. ஊரும்போது துணிக்குள்ளும் அதன் கீழுள்ள ஸ்பொஞ்சுக்குள்ளும் பல வருடமாகக் கிடந்த புழுதி, வியர்வை உப்பு, பழைய சவர்க்கார மிச்சம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் காற்றோடு போய்விடுகிறது. நடு வெளுத்தும் விளிம்பு கறுத்தும் இருப்பது அதனால்தான். பெரும்பாலும் அது மழை கொண்டுவந்த அழுக்கு அல்ல. இருக்கைக்குள் ஏற்கெனவே இருந்த உங்கள் அழுக்கு. நீங்கள் வளையத்தின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது ஈரம் பழைய விளிம்பைத் தாண்டிப் பரவியது. புதிய ஓரம், புதிய வளையம். அதன் மேல் மறுபடி ஊற்றினால் அதற்கும் வெளியே இன்னொன்று வரும்.

இதற்கு மேல் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்து, அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு இது. கண்ணுக்குப் பளிங்காகத் தெரியும் தண்ணீரில் கரைந்து நிற்கும் சுண்ணாம்பு, நீர் ஆவியானதும் தங்கிவிடுகிறது. டாஷ்போர்டில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அநேகமாக அதுதான். தீவுப்பகுதியிலும் கடலோரத்திலும் உள்ள பல கிணறுகளில் சுண்ணாம்போடு உப்பும் சேர்ந்திருக்கும். உப்பின் சேட்டை வேறு விதம். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்பு ஏறிய இருக்கை வெயிலில் காய்ந்ததுபோல் இருந்து, மாலையில் மீண்டும் பிசுபிசுக்கும்.

மழைத்தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. ஆகவே மழை விட்ட கறையைவிட, அதைக் கழுவுவதற்கு நீங்கள் ஊற்றிய கிணற்றுத் தண்ணீர் விட்ட கறைதான் பிடிவாதமானது. இதைத்தான் நான் குஷன் வேலைக்கு வருபவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன்: எந்தப் பொருளைப் போடுகிறீர்கள் என்பது இரண்டாவது கேள்வி, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பது முதல் கேள்வி. விலை கூடிய வெளிநாட்டுத் திரவத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால், காசு கொடுத்துச் சுண்ணாம்பு பூசுகிறீர்கள்.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? வழிகள் பல இருக்கின்றன. மாரி காலத்தில் கூரைத் தண்ணீர் பிடிக்கலாம். முதல் பத்துப் பதினைந்து நிமிட மழை கூரைப் புழுதியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு போகட்டும், பிறகு வாளியை வையுங்கள். வீட்டில் ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் சுண்ணாம்பு கிடையாது. ஒரு துணியில் வடித்து எடுத்தால் கறை வேலைக்குத் தாராளமாகப் போதும். குடிக்க மட்டும் வேண்டாம். கடைகளில் நிரப்பித் தரும் ஆர்.ஓ. தண்ணீரும் நல்லது. அதுவும் இல்லையென்றால் பெற்றோல் நிலையத்தில் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர்ப் போத்தல் வாங்குங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: வடிநீரும் பற்றரி அசிட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கக்கூடும். அசிட் துணியைப் பொசுக்கும், கையையும் பொசுக்கும். சுட்டியை வாசிக்காமல் மூடியைத் திறக்காதீர்கள். ஓர் இருக்கைக்கு இரண்டு மூன்று லீற்றர் போதுமானது, அதனால் இது பெரிய செலவில்லை.

இனி இருக்கை வேலை. முதலில் காய்ந்த நிலையிலேயே வக்கியூம் பிடியுங்கள், மென்மையான தூரிகையால் துணியின் மடிப்புகளைத் தட்டித் தட்டிப் பிடியுங்கள். தூசியை உலர்ந்த நிலையில் எடுத்தால் தூசி. நனைத்தபின் எடுத்தால் சேறு. இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம், பிறகு கறை போகவில்லை என்று வருபவர்களும் அவர்கள்தான்.

அடுத்தது ஒரு சின்னச் சோதனை. இருக்கையின் பின்பக்கம், கண்ணில் படாத ஓர் இடத்தில் நீங்கள் போடப்போகும் கரைசலைத் தொட்டு வைத்து, காயவிட்டுப் பாருங்கள். சாயம் வெள்ளைத் துவாயில் ஒட்டினால் அந்தக் கரைசல் உங்கள் துணிக்கு ஆகாது.

வளையம் இருக்கும் துண்டு எந்தத் தையலில் தொடங்கி எந்தத் தையலில் முடிகிறது என்று பாருங்கள். வேலை முழுவதையும் அந்தத் துண்டு முழுவதற்கும் செய்ய வேண்டும், வளையத்துக்கு மட்டும் அல்ல. இதுதான் தந்திரம் என்றால் தந்திரம். ஈரத்தின் ஓரம் தையலில் போய் முடிந்தால் அங்கே வளையம் தெரிய இடமில்லை. நல்ல தண்ணீரைத் தெளிப்பான் போத்தலில் விட்டு, துண்டு முழுவதும் மென்மையாக, சமமாக ஈரமாக்குங்கள். சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். மேல்துணி ஈரமானால் போதும், ஸ்பொஞ்சுக்குள் இறங்கக் கூடாது. ஸ்பொஞ்ச் குளம் மாதிரி: மேலே கட்டாந்தரையாகத் தெரிந்தாலும் அடியில் நாட்கணக்கில் தண்ணீர் நிற்கும், அது மெதுவாக மேலே ஏறும்போது அழுக்கையும் கொண்டுவரும். "நன்றாகப் போய்விட்டது ஐயா, மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது" என்று சொல்லப்படும் கறைகள் எல்லாம் இப்படிக் கீழிருந்து ஏறி வந்தவை.

கரைசலுக்கு வெள்ளை வினாகிரியும் நல்ல தண்ணீரும் சரிபாதி. அதில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம். துளி என்றால் துளிதான். வினாகிரியின் புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும், திரவம் எண்ணெய்ப்பிசுக்கைத் தூக்கும். நம் கடைகளில் கிடைக்கும் தென்னை வினாகிரியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறம் இருக்கிறது, வெளிர் துணியில் அது தனிக் கறை ஆகும். தேசிக்காய்ப் புளி விடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். புளிப்போடு சீனிச் சத்தும் சக்கையும் சேர்ந்து வரும், துணி ஒட்டும், எறும்பு வரும். வினாகிரி மணம் பிடிக்காதவர்கள் சிற்றிக் அசிட் தூளில் ஒரு தேக்கரண்டியைக் கால் லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தலாம்.

மென்மையான தூரிகையைக் கரைசலில் தோய்த்து, உதறி, வளையத்தின் வெளியிலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தடவுங்கள். அழுத்தம் வேண்டாம், அழுத்தினால் துணியின் மயிர் கலைந்து, கறை போனாலும் அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும். ஐந்து நிமிடம் ஊறட்டும். பிறகு வெள்ளைத் துவாயை மடித்து வைத்து உள்ளங்கையால் அமர்த்தி ஒற்றி எடுங்கள். துவாயில் மண்ணிறம் ஏறும். துவாயின் புதுப் பக்கத்தைத் திருப்பி மீண்டும் ஒற்றுங்கள். நிறம் ஏறுவது நிற்கும்வரை இதே வேலைதான். தண்ணீரையும் உறிஞ்சும் வக்கியூம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும், முடிவும் துவாயைவிட நன்றாக இருக்கும்.

கடைசியாக நல்ல தண்ணீரை மட்டும் துண்டு முழுவதும் தெளித்து, மீண்டும் ஒற்றுங்கள். சவர்க்காரம் துணியில் தங்கினால் அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் அந்த இருக்கை மட்டும் மற்றதைவிடக் கறுப்பாகும். நீங்கள் போட்ட சலவைத் தூள் ஏற்கெனவே உள்ளே நிறைய இருக்கும் என்பதால், உங்கள் விஷயத்தில் இந்தக் கடைசிப் படியை இரண்டு தடவையாவது செய்ய வேண்டிவரும். நுரை வருவது நிற்க வேண்டும், அதுதான் கணக்கு.

காயவைப்பதும் கழுவுவதைப் போலவே முக்கியம். நான்கு கதவையும் திறந்து, நிழலில், இருக்கைக்கு நேரே மேசை மின்விசிறி வையுங்கள். துண்டின் மேல் காய்ந்த வெள்ளைத் துவாய் ஒன்றை இறுக்கி விரித்து விட்டால், மேலேறி வரும் மிச்ச அழுக்குத் துணியில் நிற்காமல் துவாய்க்குப் போய்விடும். கதவை அடைத்து வெயிலில் நிறுத்தினால் சீக்கிரம் காயும் என்று நினைப்பது தவறு. உள்ளே ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கூரையிலும் கண்ணாடியிலும் படியும், இரவில் திரும்ப இறங்கும். மாரி நாளில் காற்றே ஈரமாக இருக்கும்போது, காரின் ஏசியையும் சூட்டையும் சேர்த்து ஓடவிட்டால் நன்றாக உலரும். ஏசி ஈரத்தைப் பிரித்து வெளியே விடும். ஆனால் இயந்திரம் ஓடும் காரை அடைத்த கொட்டகைக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். புகைக்குழாயின் நச்சுக் காற்றுக்கு மணமும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

இவ்வளவும் செய்து, தேநீர் நிறத்தில் மெல்லிய கோடு மட்டும் எஞ்சினால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பருத்தியில் தொட்டுக் கோட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். போத்தலில் 10 வொல்யூம் என்று போட்டிருப்பதும் அதேதான். தலைமுடி வெளுக்க விற்கப்படும் 20 வொல்யூம் வேண்டாம். வெளிர் சாம்பல், மண்ணிறத் துணிகளுக்கு மட்டுமே இது. கறுப்பு, நீலத் துணியை வெளுத்துவிடும். பின்பக்கச் சோதனையை இதற்கும் தனியாகச் செய்யுங்கள். வினாகிரி போட்ட இடத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்ட பிறகே இதற்குப் போங்கள், இரண்டையும் ஒரே போத்தலில் கலக்கவே வேண்டாம்.

இன்னொன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் தூளை யாரும் கார் இருக்கையில் போடாதீர்கள். சாயம் போகும் என்பது சின்ன இழப்பு. அதோடு வினாகிரி சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காரின் உள்ளே குனிந்து வேலை செய்பவருக்கு அது நேரே மூச்சில் ஏறும். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்து பொங்கவைக்கும் வேலை ஆபத்தில்லாதது, ஆனால் பயனும் இல்லாதது. ஒன்றை ஒன்று முறித்துவிடும், பொங்குவது மட்டும் மிஞ்சும். அப்பச்சோடா தனியாக மணத்துக்கு நல்லது: காய்ந்த இருக்கையில் தூவி ஓர் இரவு விட்டு, மறுநாள் வக்கியூம் பிடியுங்கள்.

பிளாஸ்டிக்கின் வெள்ளைப் புள்ளிகள் இவ்வளவு பாடு இல்லை. அதே வினாகிரிக் கரைசலைத் துணியில் நனைத்து, புள்ளியின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மீண்டும் துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். தெளிப்பானை டாஷ்போர்டின் மேல் அடிக்காதீர்கள், திரவம் சுவிட்சுகளுக்குள் போகும். தொடுதிரையிலும் அலுமினியப் பட்டிகளிலும் வினாகிரி வேண்டாம். நல்ல தண்ணீர் தொட்ட துணி போதும். கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைத் தவிருங்கள்.

உங்களிடம் இல்லாவிட்டாலும் வாசிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு மூன்று. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் கால்தடம் தண்ணீர்க் கறை போலத் தெரியும், ஆனால் அது வேறு சாதி. அதன் சிவப்பு இரும்பின் நிறம், வினாகிரிக்கு மசியாது. ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாது. நன்றாகக் காயவிட்டு, தூரிகையால் உதிர்த்து, வக்கியூம் பிடித்தால் முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு மட்டும் சவர்க்காரக் கரைசல். றெக்சின் இருக்கை தண்ணீரை உறிஞ்சாது, தையல் ஓட்டைகள்தான் உறிஞ்சும். ஊற்றிக் கழுவாமல் துடைத்தால் போதும். உண்மையான தோலில் தண்ணீர்ப் பொட்டு விழுந்திருந்தால் அந்தத் துண்டு முழுவதையும் ஈரத்துணியால் சமமாகத் துடைத்து, நிழலில் காயவிட்டு, தோலுக்கான பூச்சைப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் வாரம் மினுங்கும், பிறகு சிக்கும், கடைசியில் காறல் மணம் வரும்.

கூரைத் துணியில் கறை என்றால் மிகவும் கவனம். அந்தத் துணி மெல்லிய ஸ்பொஞ்சோடு ஒட்டி, ஸ்பொஞ்ச் ஒரு தட்டோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நம் வெயிலில் நின்ற பழைய காரில் அந்தப் பசையும் ஸ்பொஞ்சும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நனைத்துத் தேய்த்தால் துணி பந்தல் போலத் தொங்கும், பிறகு முழுக் கூரையையும் இறக்கி ஒட்டவேண்டும். பிழிந்த மைக்ரோபைபர் துணியால், ஒரே திசையில், தொட்டுத் தொட்டு மட்டும் எடுங்கள். பாதி போனால் போதும் என்று விட்டுவிடத் தெரிய வேண்டும்.

இப்போது கார்பெட். கண்ணாடி திறந்திருந்த அன்று நனைந்ததாக இருந்தால் இதற்குள் காய்ந்திருக்கும். எப்போதும் ஈரம் என்கிறீர்கள். அப்படியானால் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. இடப்பக்கம் முன்னால் என்றதும் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஏசியின் வடிகுழாய். ஏசி ஓடும்போது உள்ளே சேரும் தண்ணீர் ஒரு சிறிய குழாய் வழியாகக் காருக்குக் கீழே சொட்ட வேண்டும். அதில் புழுதியோ பூச்சிக்கூடோ அடைத்தால் தண்ணீர் நேரே கார்பெட்டுக்கு இறங்கும். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கீழே குனிந்து பாருங்கள். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் கீழே ஒரு துளியும் சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. கராஜில் அதைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. நீங்களே கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் பகுதி நொய்தானது.

ஏசித் தண்ணீர் தெளிவாக, மணமில்லாமல் இருக்கும். மழையில்லாத நாளிலும் ஈரம் இருக்கும். மழைக்குப் பிறகு மட்டும் ஈரம், அதுவும் அழுக்குத் தண்ணீர் என்றால் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வாய்க்காலைத் திறந்து பாருங்கள். வேம்புக்குக் கீழே நிறுத்தும் காரில் அந்த வாய்க்கால் சருகால் நிறைந்து, தண்ணீர் போக வழியின்றி உள்ளே வழியும். முருங்கை இலை இன்னும் மோசம், பொடியாகி ஓட்டைகளைச் சரியாக அடைக்கும். கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு வடி துளைகளும் அப்படித்தான். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும். பின்புறப் பெட்டி நனைந்தால், பின் கண்ணாடிக்குத் தண்ணீர் தெளிக்கும் மெல்லிய குழாய் அறுந்திருக்கலாம், அல்லது பின் விளக்கின் றப்பர் காய்ந்திருக்கலாம். ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே மீன் வளர்க்கலாம் போலத் தண்ணீர் நிற்கும் கார்கள் உண்டு. தண்ணீர் வழவழப்பாக, நிறமாக, இனிப்பு மணத்தோடு இருந்தால் அது மழையுமல்ல ஏசியுமல்ல, இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம். அதைக் கறை வேலையாக எண்ணாமல் நேரே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

காரணம் சரியான பிறகு கார்பெட்டைத் தூக்க வேண்டும். மேலே காண்பது கம்பளம் மட்டும். அதற்குக் கீழே தடித்த பஞ்சுப் படை ஒன்று இருக்கிறது, தண்ணீர் முழுவதும் அதில்தான். மேலே துடைத்து வாசனைத் திரவம் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை. பிளாஸ்டிக் விளிம்புகளைக் கழற்றி, கார்பெட்டை உயர்த்தி, இடையில் ஒரு தேங்காய்ப் பொச்சு வைத்துக் காற்று போகவிடுங்கள். ஈரம் ஒரு நாள் இரண்டு நாளைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கறுப்பு, பச்சைப் புள்ளிகள் இருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காரை வெளியே நிறுத்தி வேலை செய்யுங்கள். 70 சதவீத அல்ககோலால் துடைத்து வெயிலில் காட்டலாம். தீக்குச்சி, சிகரெட், மின்பொறி எதுவும் பக்கத்தில் கூடாது. ஏசியின் காற்று வடிகட்டியையும் மாற்றுங்கள், இல்லையென்றால் அதே மணம் அதன் வழியாகத் திரும்பும். பஞ்சுப் படை அழுகியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழுக் கார்பெட் தேவையில்லை.

உங்கள் காருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வந்த பல வாகன்ஆர்களில் இடப்பக்க முன் இருக்கைக்குக் கீழே ஒரு லித்தியம் பற்றரி இருக்கிறது, உங்களுக்கு ஈரம் இருக்கும் அதே பக்கம். மற்றவர்களுக்கும் ஒன்று: டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரில் பெரிய பற்றரி பின் இருக்கைக்குக் கீழே. அதைக் குளிர்விக்கக் காற்று இழுக்கும் துவாரமும் பின் இருக்கைப் பக்கத்தில்தான். அங்கெல்லாம் வாளியால் ஊற்றுவதோ குழாய் பிடிப்பதோ கூடவே கூடாது. இருக்கையைக் கழற்ற எண்ணினால், அதன் அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் கண்ணில் படும், அவை காற்றுப்பைக்குரியவை. அவற்றைத் தெரிந்தவர் கழற்றட்டும்.

மழை நனைத்த காரும் வெள்ளத்தில் நின்ற காரும் ஒன்றல்ல. 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போதும் 2024 நவம்பர் இறுதியிலும் நம் பக்கத்து வீதிகளில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்படி இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய காரை இயக்கிப் பார்க்காதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். வெள்ளத் தண்ணீர் மலக்குழிகளையும் தொட்டு வந்தது. அந்த ஸ்பொஞ்சைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடுவதே சரி. கடல்நீர் கலந்திருந்தால், காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரால் பலமுறை அலசி உறிஞ்ச வேண்டும். உப்பு உள்ளே நின்றால் இருக்கைத் தண்டவாளமும் மின்கம்பி முனைகளும் கறள் பிடித்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்களே கைமாறின, அவற்றில் வெள்ளம் பார்த்தவையும் இருக்கும். வாங்கப் போகிறவர்கள் மேல்துணியைப் பார்த்து மயங்க வேண்டாம். கழுவிய துணி எதையும் சொல்லாது. இருக்கைப் பட்டியைக் கடைசிவரை வெளியே இழுத்து, வழக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதியில் நீர்மட்டக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கைக்குக் கீழுள்ள திருகாணிகளின் கறளையும், ஸ்பெயார் ரயர் குழியின் மண்ணையும், கார்பெட்டைத் தூக்கிப் பஞ்சின் நிறத்தையும் பாருங்கள். விற்பவர் கார்பெட்டைத் தூக்க விடமாட்டேன் என்றால் மேலே பேசத் தேவையில்லை.

தம்பி, உங்களுக்கு வரிசை இதுதான்: நாளை ஏசியை ஓடவிட்டுக் கீழே பாருங்கள், வடிகுழாயைச் சரிசெய்யுங்கள், கார்பெட்டை உயர்த்திக் காயவிடுங்கள். ஈரம் திரும்பவில்லை என்று ஒரு வாரம் பார்த்த பிறகு இருக்கையைத் தொடுங்கள். இரண்டு முறை செய்தும் வளையம் அதே இடத்தில் திரும்பி வந்தால் அழுக்கு ஸ்பொஞ்சின் ஆழத்தில் இருக்கிறது. அப்போது உறையைக் கழற்றி, ஸ்பொஞ்சைத் தனியாகக் கழுவிக் காயவிட்டு, அதே உறையையே திரும்பப் போட்டுத் தரும்படி குஷன் பட்டறையில் கேளுங்கள். புது உறைதான் போட வேண்டும் என்று அங்கே யாராவது அடித்துச் சொன்னால் இன்னொரு பட்டறையிலும் விசாரியுங்கள்.